வளைவு ஜன்னலுக்கு ஸ்கிரீன்: துணிக்கடைக்குப் போகும் முன்

"ஏனுங்க்கா, பத்து மீட்டர் எடுத்துட்டு வந்துட்டனுங்க, போதுமுங்களா?"

கட்டைப் பையும் கையுமாக வந்து நிற்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, ஜன்னல் நேரா வளைவா என்பதுதான். நேர் ஜன்னல் என்றால் துணியை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவேன். வளைவு என்றால் துணி பையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுவேன். கம்பி முடிவாகாமல் வளைவு ஜன்னலுக்குத் துணி எடுப்பது, மாப்பிள்ளை யாரென்று தெரியாமல் அவருக்குச் சட்டை தைப்பது மாதிரி.

ஈரோட்டில் 27 வருஷமாக ஸ்கிரீன் தைக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் டிரில் எடுத்துக்கொண்டு வந்து மாட்டிக் கொடுப்பார். முன்பெல்லாம் பெரிய வீடுகளில் மட்டும்தான் முன்பக்கம் அரைவட்டமாகத் தள்ளிக் கட்டியிருப்பார்கள். இப்போது காங்கேயம், பெருந்துறை என்று எங்கே புது வீடு பார்த்தாலும் எலிவேஷனுக்காக, அதாவது வீட்டின் முன்பக்கத் தோற்றத்துக்காக, ஒரு வளைவு ஜன்னல் வைக்கிறார்கள். ரோட்டிலிருந்து பார்க்க அழகுதான். உள்ளே ஸ்கிரீன் மாட்டும்போதுதான் விஷயம் தெரியும்.

முதலில், உங்கள் ஜன்னல் நிஜமாகவே வளைவா என்று பாருங்கள். பிள்ளைகளின் ஒரு அடி ஸ்கேலை எடுத்து ஜன்னல் ஃபிரேமில் படுக்கவைத்து வையுங்கள். எல்லா இடத்திலும் ஒட்டி உட்கார்ந்தால், அது வளைவு இல்லை. மூன்றோ ஐந்தோ நேர் ஜன்னல்களைத் திருப்பித் திருப்பிச் சேர்த்தது. ஸ்கேலின் நடுவிலோ ஓரத்திலோ இடைவெளி தெரிந்தால்தான் உண்மையான வளைவு. இரண்டுக்கும் வழி வேறு.

அளவு எடுப்பது

இதில் நானே ஏமாந்த கதை உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் கோபிப் பக்கம் ஒரு வீடு. சுவரை ஒட்டியே டேப்பை வளைத்துப் பிடித்து அளந்தேன். 105 இன்ச். அதே அளவுக்கு லேத்தில் எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டீல்) பைப்பை வளைத்து வாங்கி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். பைப் உள்ளேயே போகவில்லை. ஆறு இன்ச் அதிகம். சுவரை அளந்தேனே தவிர, கம்பி சுவரிலிருந்து 4 இன்ச் தள்ளி உள்பக்கமாக நிற்கும் என்பதை யோசிக்கவில்லை. வளைவின் உள்பக்கம் வர வர நீளம் குறையும். அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து ரம்பத்தால் பைப்பை அறுத்தோம். அறுத்த பிறகும் வளைவு சரியாகப் பொருந்தவில்லை. அந்தப் பைப் இன்றைக்கும் எங்கள் மொட்டை மாடியில் துணி காயப் போடத்தான் ஆகிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வீட்டில் பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஏதாவது இருக்கும், கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ அடித்தது. அதை ஜன்னல் திண்டின் மேலோ, திண்டு இல்லாவிட்டால் தரையிலோ விரித்து, சுவரின் வளைவோடு ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். பேப்பர் கிழியும், அட்டை மடங்கும், ஃபிளெக்ஸ் இரண்டும் ஆகாது. வெட்டிய ஓரத்திலிருந்து அரை அடிக்கு ஒரு இடத்தில் 4 இன்ச் உள்ளே புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். கம்பி போகும் பாதை அதுதான். அந்தக் கோட்டின் மேல் ஒரு எலெக்ட்ரிக் ஒயரை வளைத்து வைத்து, முனையில் குறித்து, பிறகு நேராக்கி அளந்தால் சரியான நீளம் வந்துவிடும். ஃபிளெக்ஸைச் சுருட்டி அப்படியே பைப் வளைப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

சில பட்டறைகளில் ரேடியஸ் கேட்பார்கள். கணக்கு சுலபம். வளைவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நேராக நூல் கட்டி அளவெடுங்கள். அந்த நூலின் நடுவிலிருந்து வளைவின் ஆழம் எவ்வளவு என்றும் பாருங்கள். கோபி வீட்டில் நூல் 96 இன்ச், ஆழம் 18 இன்ச். நூலில் பாதி 48. அதன் வர்க்கம் 2304, ஆழத்தின் வர்க்கம் 324, இரண்டும் சேர்ந்து 2628. அதை ஆழத்தின் இரட்டிப்பான 36ஆல் வகுத்தால் 73. சுவரின் ரேடியஸ் 73 இன்ச், கம்பிக்கு 4 கழித்து 69. அன்றைக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருந்தால் 105க்குப் பதில் 99 என்று சொல்லியிருப்பேன்.

மெல்லிய துணி ஒன்று, கனத்த துணி ஒன்று என்று இரண்டு வரிசை வேண்டுமென்றால், இரண்டுக்கும் ஒரே நீளம் என்று வாங்கிவிடாதீர்கள். இந்த மாதிரி வளைவில், 3 இன்ச் உள்ளே வரும் இரண்டாவது வரிசை இன்னும் நாலு இன்ச் குறையும்.

உயரத்தை ஐந்து இடத்தில் எடுங்கள். சமீபத்தில் ஒரு வீட்டில் இடது ஓரம் 61, நடுவில் 60¼, வலது ஓரம் 61½ வந்தது. கொத்தனாரைக் குறை சொல்ல இப்போது நேரமில்லை. கம்பியை ரசமட்டம் வைத்து மாட்டிவிட்டு, திண்டு வரை தொங்கும் ஸ்கிரீன் என்றால் குறைந்த அளவை எடுத்து அதிலும் அரை இன்ச் குறைத்துத் தைக்க வேண்டும்.

கம்பியா, டிராக்கா

எல்லோரும் முதலில் கேட்பது வளையம் வைத்த ஸ்கிரீன்தான், அதாவது துணியிலேயே ஐலெட் அடித்தது. வளைவுக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை. வளைந்த பைப்புக்கு நடுவிலும் பிராக்கெட் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் தொங்கிவிடும். மூடிய வளையம் பிராக்கெட்டைத் தாண்டிப் போகாது. ஆக ஒவ்வொரு பிராக்கெட் இடைவெளிக்கும் ஒரு துண்டு ஸ்கிரீன் என்று ஆகிவிடும். மூன்று இடைவெளி இருந்தால் மூன்று துண்டு, நடுத்துண்டு எந்தப் பக்கமும் ஒதுங்க முடியாமல் ஜன்னலை மறைத்துக்கொண்டே நிற்கும். பைப்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், ஒரு பக்கம் திறந்த வளையமும் அதற்கேற்ற பிராக்கெட்டும் கேட்டு வாங்குங்கள்.

என் கணக்கில் வளைவுக்குச் சரியானது சீலிங்கில் மாட்டும் அலுமினிய டிராக். வளைக்கக்கூடியது என்று கேட்டு வாங்க வேண்டும். உள்ளே ரன்னர் என்கிற சின்ன உருளைகள் ஓடும், துணியின் மேல் டேப் தைத்து ஹூக் மாட்டித் தொங்கவிடுவது. பிராக்கெட் டிராக்கின் முதுகில் இருப்பதால் ஸ்கிரீன் எதிலும் இடிக்காமல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஓடும். நேர் டிராக்குக்கு இரண்டடிக்கு ஒரு திருகு போதும் என்பவர்கள்கூட, வளைவில் ஒரு அடிக்கு ஒன்று கொடுப்பது நல்லது. வளைத்த பிறகு ஒரு ரன்னரை உள்ளே விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள். எங்காவது நின்றால் அந்த இடத்தில் டிராக் நசுங்கியிருக்கிறது. மாட்டும் முன்பே கண்டுபிடித்துவிட வேண்டும், மாட்டிய பிறகு ஏணியில் நின்றுகொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

வெள்ளைப் பிளாஸ்டிக் டிராக் கையாலேயே வளையும், விலையும் குறைவு. மெல்லிய துணிக்கு மட்டும் சரி. கனத்த துணி போட்டால் நம்மூர் சித்திரை வெயிலில் இளகித் தொங்கும்.

பிளைண்ட் போடலாமா

ஸ்கேல் ஒட்டி உட்கார்ந்த ஜன்னல் என்றால், அதாவது நேர்த்துண்டுகளைச் சேர்த்தது என்றால், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ரோலரோ (பைப்பில் சுருண்டு ஏறுவது) ரோமனோ (மடிப்பு மடிப்பாக ஏறுவது) போடலாம். மூலையில் இரண்டு பிளைண்டின் தலைப்பெட்டியும் இடிக்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ரோலரில் துணி எப்போதும் பிராக்கெட்டோடு சேர்ந்த மொத்த அகலத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதனால் இரண்டுக்கும் நடுவே வெளிச்சக் கோடு விழும். மேற்கு பார்த்த ஜன்னலில் சாயங்காலம் அந்தக் கோடு சரியாக டிவி மேல் விழுகிற வீடு எனக்குத் தெரியும்.

உண்மையான வளைவுக்கு ரோலரும் ரோமனும் ஆகாது. அவை வளையாது, அவ்வளவுதான். வளைந்த தலைப்பெட்டியோடு வெர்டிகல் பிளைண்ட், அதாவது பட்டை பட்டையாக நெடுக்கில் தொங்குவது, கிடைக்கும். ஆனால் வீடு பேங்க் மேனேஜர் ரூம் மாதிரி ஆகிவிடும். அதோடு ஆடிக் காற்றில் அந்தப் பட்டைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் சத்தத்தில் மத்தியானம் யாரும் கண்ணயர முடியாது.

வெயில் எங்கே வருகிறது

மேற்கு பார்த்த வளைவு ஜன்னலில் வெயில் வருஷம் முழுக்க ஒரே பக்கமாக வராது. உள்ளே நின்று வெளியே பாருங்கள், வலது கை வடக்கு. சித்திரை, வைகாசி, ஆனியில் சூரியன் வடக்கே தள்ளி மறையும். வலது ஓரத்துக் கண்ணாடி அதற்கு நேர் முகமாக நிற்கும். மார்கழி, தையில் தெற்கே போய்விடும், இடது ஓரம் வாங்கும். நமக்குத் தொந்தரவு சித்திரை வெயில்தான். அதனால் ஸ்கிரீனைத் திறக்கும்போது துணி முழுவதும் வலது பக்கம் ஒதுங்கும்படி வைத்தால், திறந்திருக்கும் நேரத்திலும் கொஞ்சம் தடுக்கும். இரண்டு பக்கமும் சரிசமமாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

லைனிங் வேண்டுமென்றால் தனியாகத் தைத்து ஹூக்கில் மாட்டச் சொல்லுங்கள். சேர்த்துத் தைத்தால் துவைக்கும்போது துணி ஒரு அளவுக்கும் லைனிங் ஒரு அளவுக்கும் சுருங்கி, கீழே பை மாதிரி தொங்கும்.

இப்போது துணி

கோபி வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். டிராக் 99 இன்ச். மடிப்பு அழகாக விழ இரண்டு மடங்கு துணி வேண்டும், அதாவது 198. ஸ்கிரீன் துணி பெரும்பாலும் 48 இன்ச் பன்னா (துணியின் அகலம்), ஓரம் தைக்க ஒரு இன்ச் போக 47. நாலு பன்னா போட்டால் 188 வரும், கனத்த துணிக்குப் போதும். மெல்லிய துணி என்றால் ஐந்து பன்னா போடுங்கள், இல்லாவிட்டால் இழுத்துக் கட்டிய மாதிரி இருக்கும். உயரம் 60 என்றால் மேலே டேப்புக்கு 4, கீழ் மடிப்புக்கு 6 சேர்த்து 70. நாலு பன்னாவுக்கு 280 இன்ச், 7.1 மீட்டர். காட்டன் என்றால் சுருங்குவதற்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து ஏழரை மீட்டர் எடுங்கள். வெட்டும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறட்டும். கட்டம் போட்ட துணி என்றால் கட்டங்கள் பன்னாவுக்குப் பன்னா சேர வேண்டுமே, அதற்கும் ஒரு பன்னாவுக்கு ஒரு கட்டம் கூடுதல்.

வளைவு ஜன்னல் ரோட்டைப் பார்த்துத் தள்ளி நிற்பதால் துணியின் பின்பக்கம் ஊருக்கே தெரியும். பிரிண்ட் துணி பின்னால் வெளிறித் தெரியும். நூலிலேயே சாயம் போட்டு நெய்தது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். கடையில் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பாருங்கள். நூல் நெடுக ஒரே நிறம் என்றால் நூல் சாயம். அங்கங்கே வெள்ளை தெரிந்தால் பிரிண்ட். சென்னிமலை, கரூர் பக்கத்துத் துணிகளில் நல்ல நூல் சாயக் கட்டங்கள் கிடைக்கும். ஈரோடு கனி மார்க்கெட் வாரச் சந்தையில் மொத்தமாக எடுக்கலாம், ஆனால் பகல் வெளிச்சத்தில் இன்னொரு முறை நிறம் பார்த்துவிட்டு எடுங்கள். கரூர், திருப்பூரில் கிடைக்கும் எக்ஸ்போர்ட் மிச்சம் விலை குறைவுதான். இரண்டு ஸ்கிரீனையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள், ஒரு பச்சைக்கும் இன்னொரு பச்சைக்கும் அரை நூல் வித்தியாசம் இருக்கும். வளைவில் ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் நிற்கும்போது அது இரட்டிப்பாகத் தெரியும்.

பவானி ஜமக்காளத்தையே ஸ்கிரீனாகப் போடலாமா என்று ஒரு அம்மணி கேட்டது. டிராக் தாங்காது கண்ணு, திண்டின் மேல் விரி, உட்கார நன்றாக இருக்கும் என்றேன். இப்போது அந்த வீட்டில் எல்லோரும் அந்தத் திண்டில்தான் காபி குடிக்கிறார்கள்.

திண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. திண்டு இருக்கும் ஜன்னலுக்குத் தரை வரை ஸ்கிரீன் ஆசைப்பட்டால், வளைவை விட்டுவிட்டு, வளைவு அறைக்குள் தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு நேர் கம்பி போடுங்கள். ராத்திரி இழுத்து மூடினால் ஏசி குளிரும் வளைவுக்குள் போய் வீணாகாது. பகலில் வளைவின் அழகும் கெடாது. செலவும் பாதி. உண்மையில் பல வீடுகளுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன், எலிவேஷனுக்குச் செலவு செய்தவர்கள்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பொள்ளாச்சி, பல்லடம், உடுமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனியிலிருந்து வந்து சேரும். மெல்லிய ஸ்கிரீன் பறந்து கிரில்லில் மாட்டிக் கிழியும். கீழ் மடிப்புக்குள் கனம் வைத்துத் தைக்க வேண்டும். ஒருமுறை நான் சிக்கனம் பார்த்து இரும்பு வாஷர் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். இரண்டாவது துவைப்பிலேயே வெள்ளைத் துணியின் ஓரமெல்லாம் துருக்கறை வட்டம் வட்டமாக வந்துவிட்டது. புதுத் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். இப்போது பித்தளை அல்லது எஸ்எஸ் வாஷர்தான்.

கடைசி வேலை கீழ் மடிப்பு. அதை உடனே தைக்க வேண்டாம். குண்டூசி குத்தித் தொங்கவிட்டு, ஒரு வாரம் இருக்கட்டும். காட்டன் தன் கனத்தில் கொஞ்சம் இறங்கும், வளைவின் நடுவில் ஒரு மாதிரியும் ஓரத்தில் ஒரு மாதிரியும் தெரியும். அப்புறம் திண்டிலிருந்து அரை இன்ச் வைத்துக் குறித்துத் தைத்தால் கோடு போட்ட மாதிரி நிற்கும். குத்தும்போதே குண்டூசிகளை எண்ணி எழுதி வையுங்கள். எடுக்கும்போதும் எண்ணுங்கள், பிள்ளைகள் ஏறி உட்காரும் திண்டு அது.