சூரியகாந்தி: இதழ் வாடியதும் செடியைப் பிடுங்காதீர்கள்

"பூ பூத்திருக்கு, வந்து பாருங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். ஒரு வாரம் கழித்துத்தான் என்னால் அவர் வீட்டு மொட்டை மாடிக்குப் போக முடிந்தது. அதற்குள் இதழ் வாடிவிட்டது என்று எல்லாச் செடியையும் பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார். விதை அப்போதுதான் பால் பிடித்திருக்கும். எனக்கு மனசே ஆறவில்லை. விதை, இதழ், தண்டு, இலை என்று சூரியகாந்தியில் எல்லாமே உதவும். ஆனால் செடி முழுவதும் உதவ வேண்டுமென்றால் விதைக்கிற நாளிலேயே அதை யோசித்துவிட வேண்டும்.

பட்டத்திலிருந்து, அதாவது விதைக்கும் பருவத்திலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டில் ஆடியிலும் கார்த்திகையிலும் சூரியகாந்தி விதைப்பார்கள். அதைப் படித்துவிட்டு சென்னை மாடியில் கார்த்திகையில் விதைப்பது பெரிய தவறு. வடகிழக்குப் பருவமழை ஓயாத நேரம் அது. வர்தா புயல் வந்தது 2016 டிசம்பர் 12 அன்று, நினைவிருக்கும். மார்கழிக் கடைசியிலோ தை பிறந்ததுமோ விதைத்தால், மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டு, கத்திரி வெயிலுக்கு முன் அறுவடைக்கு வந்துவிடும்.

அடுத்தது விதை. பாக்கெட்டில் வரும் விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் அதில் பூஞ்சாணக் கொல்லி பூசியிருப்பார்கள். அது விதைக்க மட்டும்தான். மிச்சத்தை முளைகட்டிச் சாப்பிடுவது, குருவிக்குப் போடுவது எல்லாம் கூடவே கூடாது. பூங்கொத்துக்காகவே உருவாக்கிய மகரந்தமில்லாத ரகங்களும் இருக்கின்றன. அவற்றை மட்டும் வைத்தால் பூவோடு சரி, விதை பிடிக்காது.

சின்னக் கப்பில் முளைக்கவைத்து எடுத்து நடுகிறார்கள். ஆணிவேர்ச் செடிக்கு அது பிடிக்காது. ஒன்றரை அடி ஆழமுள்ள செடி வளர்க்கும் பையில் ஓர் அங்குல ஆழத்தில் நேரடியாக ஊன்றுங்கள். பைக்கு ஒரு செடி போதும். மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசும் மாடியில் ஒரு குச்சியும் கட்டிவிடுங்கள்.

இளஞ்செடிதான் சூரியனோடு திரும்பும். முழுதாக மலர்ந்த பூ கிழக்கே பார்த்து நின்றுவிடும். காலை வெயிலில் சீக்கிரம் சூடேறும் பூவுக்குத் தேனீக்கள் அதிகம் வருகின்றன என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால் கிழக்குப் பக்கம் உயரமான சுவரோ தண்ணீர்த் தொட்டியோ மறைக்காத இடத்தில் பையை வையுங்கள்.

இனி, நம் ஊர் மாடிகளில் அதிகம் ஏமாற்றம் தரும் விஷயம்: பதர். பெரிய பூ, உடைத்துப் பார்த்தால் உள்ளே பருப்பே இல்லை. நாம் பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சின்னப் பூக்களின் கூட்டம். விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி ஒரு வாரத்துக்கு மேலாக அவை வரிசையாக மலரும். பெரும்பாலும் வேறு செடியின் மகரந்தம் வந்தால்தான் நன்றாக விதை பிடிக்கும். ஒற்றைச் செடி வைப்பது இதனால்தான் தவறு. நான்கைந்து செடிகளை ஒரே நாளில் விதையுங்கள். பூத்த பிறகு காலை ஒன்பது மணிக்கு மேல் பதினொன்றுக்குள், மெல்லிய பருத்தித் துணியைக் கையில் சுற்றி ஒவ்வொரு பூவாக மெதுவாகத் தடவிக்கொண்டே போங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படிச் செய்ய வேண்டும், ஒரே தடவையோடு விட்டால் அன்று மலர்ந்த வட்டத்துக்கு மட்டும்தான் பலன். அந்த நாட்களில் பூச்சிமருந்து வேண்டாம். வேப்பெண்ணெய்க் கரைசல்கூட பூக்கும் முன்பே தெளித்து முடித்துவிட வேண்டும்.

விதை முற்றத் தொடங்கியதும் கிளிகளும் அணில்களும் வந்துவிடும். பிளாஸ்டிக் பை கட்டினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். பழைய கொசுவலைத் துண்டு நல்லது. பூவின் பின்பக்கம் பச்சை மாறி மஞ்சளாகி, பழுப்பு ஏறும்போது அறுங்கள். விதை நன்றாகக் காயாமல் டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடித்து வீணாகிவிடும்.

பத்துச் செடியை வைத்துவிட்டுச் செக்கெண்ணெய்க் கனவு காண வேண்டாம். ஒரு பூவுக்கு நாற்பது, ஐம்பது கிராம் கிடைத்தாலே நல்ல விளைச்சல். அதை வறுத்து, வறமிளகாய், பூண்டு, உப்பு சேர்த்து இடித்துச் சோற்றுக்குப் பொடியாக்கினால் அவ்வளவு ருசி! தோல் நீக்கிய பருப்பு வெளியில் இருந்தால் சிக்கு வாடை அடிக்கும், ஃப்ரிட்ஜில் வையுங்கள். இதழ்களைச் சாலட்டில் தூவலாம், லேசாகக் கசக்கும். இன்னும் விரியாத மொட்டை ஆவியில் வேகவைத்தும் சாப்பிடலாம்.

சாப்பிடுவதற்கு முன் மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சும் தன்மை சூரியகாந்திக்கு உண்டு. அணு உலை விபத்து நடந்த செர்னோபில் அருகே கதிரியக்கம் கலந்த குளத்தைச் சுத்தம் செய்ய 1990களில் மிதவைகளில் இதைத்தான் வளர்த்தார்கள். பழைய பெயின்ட் உதிர்ந்த இடிபாட்டு மண்ணிலோ தொழிற்சாலை ஓரத்து மண்ணிலோ வளர்த்தது கண்ணுக்கு மட்டும். வாய்க்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம்.

நல்ல மண் என்றால் பச்சை இலையைத் தெருவில் ஆடு, மாடு வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கலாம். தண்டை அடியோடு அறுத்துக் காயவைத்தால் அவரைக்குக் கொழுகொம்பாகும். விதைத் தோலையும் இலையையும் அப்படியே கீரைப் பாத்தியில் மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாகப் போடுவதுதான் நிறையப் பேர் செய்கிற கடைசித் தவறு. அவற்றிலிருந்து இறங்கும் சில பொருட்கள் மற்ற விதைகளை முளைக்கவிடாது. உரத் தொட்டியில் நன்றாக மக்கவைத்து, அப்புறம் போடுங்கள். விதை உதிர்த்த பூத்தலையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிடுங்கள், ஒட்டியிருக்கும் நாலு விதையை அணில் பார்த்துக்கொள்ளும்.