இரண்டு வார மருத்துவ ஊழியத்துக்கு வெளிநாடு கிளம்புகிறீர்களா?

சபையில் அறிவிப்பு வந்த உடனே பெயரைக் கொடுத்துவிட்டு, எந்த நாடு, என்ன வேலை, யார் கூட்டிப்போகிறார்கள் என்பதையெல்லாம் அப்புறம் விசாரிக்கிறவர்கள் நிறைய. ஆர்வம் நல்லதுதான். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் குழுத்தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாம் விமானம் ஏறிய மறுநாள் இந்த நோயாளிகளை யார் பார்ப்பார்கள்?

பதில் தெளிவாக வந்தால் மேலே பேசலாம். "அங்கே ஒரு மிஷன் மருத்துவமனை இருக்கிறது, அவர்கள் அழைத்துத்தான் போகிறோம், நாம் எழுதும் சீட்டு அவர்கள் பதிவேட்டிலேயே இருக்கும்" என்றால் அது நல்ல பயணம். "ஒவ்வொரு நாளும் ஒரு கிராமம், மைதானத்தில் பந்தல் போட்டு ஐந்நூறு பேரைப் பார்ப்போம்" என்பது மட்டும்தான் பதில் என்றால் யோசியுங்கள். முகாமில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று கண்டுபிடித்து முப்பது நாள் மாத்திரை கொடுக்கிறோம், சரி, முப்பத்தோராவது நாள் அவர் என்ன செய்வார்? அறுவை சிகிச்சை என்றால் இன்னும் மோசம், தையலில் சீழ் வைக்கும்போது வெட்டியவர் வேறொரு கண்டத்தில் இருப்பார். நல்ல சமாரியன் கதையில் காயம் கட்டியதோடு விஷயம் முடியவில்லை, சத்திரக்காரன் கையில் பணம் கொடுத்து, திரும்பி வருவேன் என்றும் சொல்லிவிட்டுத்தான் அவன் போனான். அந்தப் பாதியை நாம் பிரசங்கத்தில்கூட வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

மருத்துவ ஊழியத்தைப் பல காலமாகச் செய்யும் அமைப்புகள் இருக்கின்றன. சமாரிட்டன்ஸ் பர்ஸ் என்ற கிறிஸ்தவ உதவி அமைப்பின் ஒரு பிரிவான வேர்ல்ட் மெடிக்கல் மிஷன் 1977-லிருந்து மிஷன் மருத்துவமனைகளுக்குத் தன்னார்வ மருத்துவர்களை அனுப்புகிறது. 1978-ல் தொடங்கிய மெர்சி ஷிப்ஸ் மருத்துவமனைக் கப்பல்களை நடத்துகிறது, அங்கே வேலை செய்கிறவர்களே பல வருடங்களாகத் தங்கும் செலவைக் கட்டிவந்தார்கள் என்பதைக் கேட்டுச் சிலர் அதிர்ச்சியடைவார்கள். தன்னார்வம் என்றால் இலவசப் பயணம் இல்லை.

மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் என்றால் அந்த நாட்டில் உங்கள் துறைக்கான கவுன்சிலில் தற்காலிகப் பதிவு தேவையா என்று முதலில் பாருங்கள். பட்டச் சான்றிதழ், பதிவுச் சான்றிதழ், உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று சொந்தக் கவுன்சில் தரும் கடிதம் எல்லாம் கேட்பார்கள், இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். "சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்லும் குழுவோடு போகாதீர்கள். மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: சொந்த ஊரில் உங்களைச் செய்ய விடாத எதையும் அங்கே போய்ச் செய்யக் கூடாது, அந்த நோயாளி ஏழை என்பதால் அவர் உங்கள் பயிற்சிக்கூடம் ஆகிவிட மாட்டார்.

மருத்துவம் படிக்காதவர்களுக்கும் வேலை உண்டு. பெயர் பதிவது, வரிசையை ஒழுங்குபடுத்துவது, மாத்திரையை எண்ணிக் கவரில் போடுவது, வாசிப்புக் கண்ணாடி பொருத்திக் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. பதிவு மேசை சொதப்பினால் மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அன்றைய முகாம் சொதப்பல்தான்.

தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஹெபடைடிஸ் பி வழக்கமான அட்டவணையில் மூன்று ஊசி, ஆறு மாதம் ஆகும். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும் (2016-லிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லும், பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்கள் தேடி எடுங்கள்). மலேரியா மாத்திரை எது என்பதைப் பயண மருத்துவர் முடிவு செய்யட்டும், எதுவானாலும் போவதற்கு முன்பே தொடங்க வேண்டும். காப்பீட்டில் அவசர மருத்துவ விமான வசதி அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். ஊசி வேலை செய்கிறவர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: கையில் ஊசி குத்திவிட்டால் எச்ஐவி தடுப்பு மருந்து எங்கே கிடைக்கும்? 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டிய மருந்து அது, குத்திய பிறகு தேடிக்கொண்டிருக்க முடியாது.

மருந்து மூட்டை கட்டுவதில்தான் நல்ல மனசு நிறைய கெடுதல் செய்கிறது. வீட்டு அலமாரியில் மிஞ்சியது, கம்பெனி சாம்பிள், அடுத்த மாதம் காலாவதியாகப் போவது எதுவும் வேண்டாம். நன்கொடை மருந்துக்கு, போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பிராண்ட் பெயரோடு பொதுப் பெயரும் (உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) லேபிளில் இருக்கட்டும். டிரமடால், கோடீன் போன்ற போதைத்தன்மையுள்ள வலி மருந்துகளை அனுமதியில்லாமல் கொண்டுபோனால் சில நாடுகளில் கைதாகிற அளவுக்குப் போகும். உண்மையைச் சொன்னால், அங்குள்ள மருத்துவமனையிடம் பட்டியல் கேட்டு, அந்த நாட்டிலேயே வாங்கப் பணம் கொடுப்பதுதான் பல நேரம் புத்திசாலித்தனம், அவர்களுக்குப் பழக்கமான மருந்து, தீர்ந்தால் மறுபடி கிடைக்கும்.

முகாம் நாளில் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசாதீர்கள், நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், சின்னச் சின்ன வாக்கியமாக. நோயாளியின் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அம்மா தன் வெள்ளைப்படுதலைப் பத்து வயது மகன் வாயால் சொல்ல மாட்டார். மருந்து கொடுத்ததும் "எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு லிட்டருக்கான உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குகிறவர்கள் உண்டு, ஒரு லிட்டர் பாட்டிலையே காட்டி விளக்கினால் புரியும்.

ஜெபம்? கேட்டுவிட்டுச் செய்யுங்கள். "உங்களுக்காக ஜெபிக்கலாமா" என்றால் பலர் சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள், வேண்டாம் என்பவருக்கும் அதே மருந்து, அதே சிரிப்பு. ஜெபக் கூடாரத்தைத் தாண்டித்தான் மருந்து மேசைக்குப் போக முடியும் என்கிற மாதிரி வழி அமைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், மாத்திரைக்காகக் காத்திருப்பவர் "வேண்டாம்" என்று எப்படிச் சொல்வார்? மதமாற்றத்துக்குச் சட்டத் தடை உள்ள நாடுகளில் ஆபத்து உங்களைவிட அங்கேயே இருக்கப்போகும் விசுவாசிகளுக்குத்தான் அதிகம். படம் எடுப்பதும் இதே கதைதான், படுத்திருக்கும் குழந்தையோடு செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலத்தைக் காலியாக வைத்து, உள்ளூர் செவிலியரோடு உட்கார்ந்து தொடர்ந்து பார்க்க வேண்டியவர்களின் பட்டியலை ஒவ்வொன்றாக ஒப்படையுங்கள். சந்தையில் பரிசுப்பொருள் வாங்கப் போவது அதற்கப்புறம். ஊர் திரும்பினாலும் மலேரியா மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்சிசைக்ளின் என்றால் நான்கு வாரம், அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள். அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் வந்தால், சாதாரண சளி என்று தோன்றினாலும், அன்றைக்கே மருத்துவரிடம் போய் எந்த நாட்டுக்குப் போய்வந்தீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.