என்ஜின் சத்தம்: கட்டி ஆயில் ஊற்றுவதற்கு முன்

காரில் ‘டக் டக்’ என்று கேட்டதும், தொழில் பழகுபவர்கள் பலரும் ஒரே வழியில்தான் போகிறார்கள். டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) கவரைக் கழற்றுவார்கள், ஆயிலை மாற்றுவார்கள், கடைசியில் என்ஜினையே இறக்குவார்கள். டிப்ஸ்டிக் பார்க்க மறப்பது, நட்டு முறுக்க மறப்பது எல்லாம் ஒருமுறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். இங்கே இருப்பவை அப்படிச் சரியாகாத தவறுகள்.

கட்டி ஆயில் ஊற்றிச் சத்தத்தை அடக்குவது

5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் என்ஜினில் தடித்த 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தம் உண்மையிலேயே குறையும். வண்டிக்காரரும் நிம்மதியாக எடுத்துப் போவார். ஆனால் தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கிறது. அகன்றுபோன இடைவெளியில் தடித்த ஆயில் மெத்தை மாதிரி நிற்பதால் அடி வெளியே கேட்பதில்லை. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது அதே ஆயில் கேம்ஷாஃப்ட் வரை ஏறத் தாமதமாகும். ஹைட்ராலிக் டேப்பெட்டின் ஊசித்துளைகளிலும், வால்வு டைமிங் சோலினாய்டின் சன்னமான வலையிலும் மெதுவாகத்தான் நுழையும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. கட்டி ஆயில் கேஜில் பிரஷரையும் ஏற்றிக் காட்டும். அடுத்துப் பார்க்கிற மெக்கானிக் ‘பிரஷர் நல்லாத்தானே இருக்கு’ என்று விட்டுவிடுவார். நோயை மறைத்ததோடு, அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் அடைத்தாகிவிட்டது.

செய்ய வேண்டியது இதுதான். மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலை ஊற்றுங்கள். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்கள். 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கைக்கணக்கு; மேனுவலில் அளவு இருந்தால் அதுவே முடிவு. டாஷ்போர்டு ஆயில் லைட்டை நம்பாதீர்கள். பல கார்களில் பிரஷர் சுமார் 5 பிஎஸ்ஐக்குக் கீழே விழுந்த பிறகே அது எரியும்.

பழைய ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் அறுத்துப் பாருங்கள். ஹாக்ஸா பிளேடு வேண்டாம், அதன் இரும்புத்தூளே உள்ளே விழுந்து குழப்பும். ஃபில்டர் கட்டரால் வெட்டுங்கள். உள்ளே இருக்கும் மடிப்புத்தாளை வைஸில் அழுத்தி ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்துக் காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டினால் எஃகு: செயின், கேம் பக்கம் தேடலாம். காந்தத்துக்கு அசையாமல் வெள்ளியாகவோ செம்பு நிறத்திலோ மினுமினுத்தால் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டியதுதான்.

பிறகு காதால் எண்ணுங்கள். 750 ஆர்பிஎம் ஐட்லிங்கில் டேப்பெட் நொடிக்கு ஆறு தடவை தட்டும், எண்ணிவிடலாம். ராட் (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) சத்தம் பன்னிரண்டு தடவைக்கு மேல், எண்ண முடியாது. ஆக்சிலரேட்டரை 2,500 ஆர்பிஎம் வரை கொடுத்துவிட்டுக் காலை எடுக்கும் நொடியில் ராட் சத்தம் பளிச்சென்று கேட்கும். பெட்ரோல் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள். எதில் சத்தம் அமுங்குகிறதோ அந்த ராட்தான். அதற்குப் பதிலாக இக்னிஷன் காயில் கனெக்டரைப் பிடுங்கினால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அதையும் கெடுக்கும்.

இந்தக் கட்டத்திலேயே சம்ப்பை (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) இறக்கிப் பார்த்து, கிராங்க் பின்னில் நகம் சிக்கும் கீறல் இல்லையென்றால், தேய்மானத்தையும் அளந்துவிட்டு பேரிங் ஷெல்லை (ராடுக்கும் கிராங்க்குக்கும் நடுவே இருக்கும் தகடு) மாற்றுவதோடு வேலை முடியலாம். ஷெல் ஏன் போனது என்று ஆயில் பம்ப்பையும் ஸ்ட்ரெய்னரையும் பார்க்காமல் மூடாதீர்கள். கட்டி ஆயிலோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஷெல் சுற்றிக்கொள்ளும், கிராங்க் போகும், ராட் முறிந்து பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். சில ஆயிரத்தில் முடிய வேண்டியது லட்சத்துக்குப் போகிறது. ஆயிலை மாற்றிய கை அதற்குப் பொறுப்பேற்பதே இல்லை.

பெல்ட்டைக் கழற்றாமலே என்ஜினைக் குற்றம் சொல்வது

ஆல்டர்னேட்டர் பேரிங், டென்ஷனர், ஏசி கம்ப்ரஸர் புல்லி மூன்றும் என்ஜின் சத்தம் போலவே ஏமாற்றும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெல்ட்டை எடுத்துவிட்டு அரை நிமிடம் மட்டும் என்ஜினை ஓட விடுங்கள். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் இருந்தால் அதற்கு மேல் ஓட விடக் கூடாது. சத்தம் நின்றால் புல்லிகளைக் கையால் சுற்றிப் பாருங்கள். பெல்ட் கீச்சிட்டால் ஓடும்போதே உள்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சற்று நின்று திரும்பினால் புல்லி நேர்க்கோட்டில் இல்லை. கூடினால் டென்ஷன் போதவில்லை.

டேப்பெட்டைச் சத்தம் அடங்கும்வரை டைட் வைப்பது

வால்வு முழுதாக மூடாமல் எரியும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் சொல்வதுதான் அளவு.

எக்ஸாஸ்ட் கசிவை டேப்பெட் என்று நினைப்பது

காலையில் ‘டிக் டிக்’, சூடானதும் காணோம் என்றால், முதலில் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு இருக்கிறதா பாருங்கள்.

காமன்ரெயில் டீசலில் பைப் நட்டைத் தளர்த்துவது

பழைய டீசல் என்ஜின்களில் எந்த சிலிண்டரில் சத்தம் என்று பார்க்க இப்படிச் செய்தார்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன்ரெயிலில் ஐட்லிங்கிலேயே 200 பாருக்கு மேல் பிரஷர் நிற்கும். சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. ஆனாலும் தாமதிக்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும், விரலையே இழக்க நேரிடும் காயம் அது. ஸ்கேனரில் இன்ஜெக்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.