டெயில் லைட் ஓரம் தண்ணீர் கசிகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன வாரம் ஒரு கார் வந்தது. டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். என்னிடம் புதிதாக வேலை பழகும் தம்பி, டெயில் லைட் ஓரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக சிலிக்கான் குழாயை எடுத்துவிட்டார். கையைப் பிடித்து நிறுத்தினேன். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். அதற்கு நான் கொடுத்த விலை சின்னதல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தேங்கிய இடத்தை வைத்து முடிவு கட்டுவது

தண்ணீர் ஓர் இடத்தில் புகும், இன்னோர் இடத்தில் தேங்கும். கூரையின் ஓரக் கால்வாயில் தகடுகள் சேரும் இடத்தில் பூசிய சீலர் காய்ந்து வெடித்திருக்கலாம். டிக்கி வாயைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை (பீடிங்) ஒரு மூலையில் அமுங்கியிருக்கலாம். ஆன்டெனா அடிப்பாகம், பின்கண்ணாடி ஓரம், மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட், பம்பருக்குப் பின்னால் காற்று வெளியேற வைத்திருக்கும் ரப்பர் மடல் என்று வழிகள் நிறைய. எந்த வழியாகப் புகுந்தாலும் தகட்டின் மடிப்பையோ ஒயர் கட்டையோ பிடித்துக்கொண்டு இறங்கி, கடைசியில் பெரும்பாலும் டெயில் லைட்டுக்குக் கீழேதான் சொட்டும். பழி லைட் மேல் விழும்.

வெளியிலிருந்து சிலிக்கான் பூசுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

டெயில் லைட் பாடியோடு எப்படி உட்காருகிறது என்று முதலில் பாருங்கள். லைட்டின் முதுகில் ஃபோம் அல்லது ரப்பர் கேஸ்கெட் இருக்கும். லைட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரை போட்ட கம்பிகள், அதாவது ஸ்டட்கள், தகட்டின் ஓட்டை வழியாக உள்ளே வரும். உள்ளிருந்து நட் போட்டு இறுக்கும்போது கேஸ்கெட் நசுங்கித் தண்ணீரைத் தடுக்கும். வெளியே தெரிகிற இடைவெளியில் மழைத் தண்ணீர் போய்வருவது சகஜம். பெரும்பாலான வண்டிகளில் அந்தத் தண்ணீர் லைட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே இறங்கிக் கீழே வெளியேறிவிடும். சிலிக்கான் பூசி அந்த இடைவெளியை அடைத்தால் வெளியேறும் வழியும் சேர்ந்தே அடைபடும். எங்காவது ஒரு சின்ன இடம் விட்டுப்போனால் போதும், புகுந்த தண்ணீர் உள்ளேயே நிற்கும்.

நான் அப்படிப் பூசிக் கொடுத்த வண்டி இரண்டு வாரம் காய்ந்தே இருந்தது. மழை இல்லை, அவ்வளவுதான். முதல் மழைக்கே திரும்பி வந்தது. லைட்டைக் கழற்றினால் வரவில்லை. நைலான் நூலை உள்ளே விட்டு அறுத்து அறுத்து எடுத்தேன். வரும்போது ஒரு ஸ்டட் முறிந்தது, ஓரத்தில் நகத்தளவு பெயிண்டும் பெயர்ந்தது. ஸ்டட் ஓட்டையைச் சுற்றித் தகடு செம்பழுப்பாகப் பொருமியிருந்தது. கனெக்டரின் பின்களில் பச்சை பூத்திருந்தது. நான் பூசியது காயும்போது வினிகர் வாசனை அடிக்கும் வகை. அதிலிருந்து வெளிவருவது அசிட்டிக் அமிலம். பெயிண்ட் போன தகட்டையும் செம்பையும் அது அரிக்கும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் வாங்குகிறார்கள், வாங்க வேண்டாம்.

அதோடும் முடியவில்லை. சிலிக்கான் பட்ட இடத்தை எவ்வளவு சுரண்டினாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் நிற்கும். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் குழிகுழியாக விலகும், புது கேஸ்கெட்டின் பசையும் பிடிக்காது. லைட், தகட்டு வேலை, பெயிண்ட் எல்லாம் என் கைக்காசு. உண்மையான ஓட்டை எங்கே இருந்தது தெரியுமா? கூரைக் கால்வாய் சீலரில், முடி அளவு விரிசல். லைட் கேஸ்கெட் நன்றாகவே இருந்திருக்கிறது.

மேலிருந்து தண்ணீர் அடித்துச் சோதிப்பது

மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனையும், எதுவும் தெரியாது. டிக்கியின் உள் லைனிங்கைக் கழற்றிவிட்டு, ஈரத்தைத் துடைத்து, ஸ்டட்களைச் சுற்றி டிஷ்யூ பேப்பரை ஒட்டி வையுங்கள். தகட்டு மடிப்புகளில் டால்கம் பவுடரை லேசாகத் தூவுங்கள். பின்சீட்டை மடக்கி ஒருவர் உள்ளேயிருந்து டார்ச் அடித்துப் பார்க்கட்டும். மற்றவர் ஹோஸில் தண்ணீரை மெதுவாக விட்டு, கீழிருந்து மேலே, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நின்று நின்று வரட்டும். பிரஷர் வாஷர் கூடவே கூடாது. மழை ஒருநாளும் போகாத இடத்துக்கெல்லாம் அது தண்ணீரைத் தள்ளும்.

தம்பியை இப்படித்தான் செய்யச் சொன்னேன். டெயில் லைட் உயரத்தில் பத்து நிமிடம், டிஷ்யூ நனையவே இல்லை. டிக்கி மூடியில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டுக்கு வந்ததும், மூடியின் உள்பக்கத்தில் பவுடரைக் கிழித்துக்கொண்டு ஒரு கோடு இறங்கியது.

நட்டை இறுக்கிக்கொண்டே போவது

லைட்டின் பிளாஸ்டிக் விரிசல் விடும். அப்புறம் லைட்டையே மாற்ற வேண்டியதுதான்.

பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடுவது

ஒருமுறை தட்டையான ஃபோம் மறுபடி எழாது. புதியது கிடைக்கவில்லை என்றால் பிசின்போல ஒட்டும் ரப்பர் பட்டையான பியூட்டைல் டேப் போடுங்கள். அது இறுகிப்போகாது, பின்னால் கழற்றவும் முடியும். ஒட்டுவதற்கு முன் லைட்டின் முதுகையும் தகட்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். டேப்பின் இரண்டு முனைகளும் சந்திக்கும் இடம் கீழ்ப்பக்கமாக வரட்டும், மேலே வேண்டாம்.

லைட்டுக்குள் மூட்டம் கண்டதும் ஓட்டையை அடைப்பது

லைட் மூச்சுவிட சின்னத் துளை வைத்தே செய்கிறார்கள். குளிர்ந்த இரவுக்குப் பிறகு மெல்லிய மூட்டம் படிந்து, லைட் எரிந்த கொஞ்ச நேரத்தில் போய்விட்டால் அது லீக் இல்லை. துளிகள் வழிந்தால், அடியில் தண்ணீர் நின்றால்தான் லீக். மூச்சுத் துளையை அடைக்காதீர்கள், புதிதாகத் துளை போடவும் செய்யாதீர்கள்.

ஈரத்தோடு மூடிவிடுவது

லீக்கை அடைத்ததோடு வேலை முடிந்தது என்று லைனிங்கை மாட்டிவிடுகிறார்கள். கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு வாரக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். அதை வெளியே எடுத்துக் காயவையுங்கள். பின்மூலைகளில் எலக்ட்ரானிக் பெட்டி ஏதாவது இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு அதன் கனெக்டர்களையும், தகட்டில் திருகியிருக்கும் எர்த் ஒயரையும் பாருங்கள். ஸ்டெப்னி பள்ளத்தில் இருக்கும் ரப்பர் மூடியைத் தண்ணீர் வடிய எடுத்திருப்பீர்கள். மறக்காமல் திரும்ப மாட்டுங்கள், இல்லாவிட்டால் சாலைத் தண்ணீர் கீழிருந்து ஏறும்.