டெம்பரேச்சர் முள்ளு நடுவுல வந்தா எஞ்சின் ரெடியா? வண்டிய மிதிக்கிறதுக்கு முன்னாடி பண்ற தப்புகள்

இத நானே ரெண்டு குளிர்காலம் தொடர்ந்து பண்ணியிருக்கேன், அதனால யாருக்கும் கிளாஸ் எடுக்கிற எண்ணமெல்லாம் இல்ல. தென்னாப்பிரிக்காவுல பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல நார்த்டேல் பக்கம் வீடு, பக்கத்து ஊரு ஹோவிக்ல வேலை. இங்க குளிர்காலம் ஜூலையில, காலையில மூணு டிகிரி நாலு டிகிரின்னு இருக்கும், நடுங்கிக்கிட்டே வண்டிய எடுத்து ரெண்டு மூணு ரோபோட்ல (இங்க சிக்னலுக்கு அதான் பேரு) நின்னு சாட்டர்டன் ரோடு வழியா என்-3ல ஏறுறதுக்குள்ள டெம்பரேச்சர் முள்ளு கரெக்டா நடுவுக்கு வந்துடும். ஹைவேல ஏறின உடனே டவுன் ஹில்ங்கிற (Town Hill) மலை ரோடு. ஹில்டன் வரைக்கும் ஒரே ஏத்தம், இடது லேன்ல லாரிங்க ஹசார்ட் லைட் போட்டுக்கிட்டு ஊர்ந்துக்கிட்டு இருக்கும், நான் மூணாவது கியருக்கு எறக்கி அஞ்சாயிரம் ஆர்பிஎம் வரைக்கும் மிதிச்சு எல்லாத்தையும் தாண்டிப் போவேன். முள்ளுதான் நடுவுல இருக்கே, அப்புறம் என்ன?

ரெண்டாவது வருஷம் காலையில ஸ்டார்ட் பண்ணும்போது டக் டக்னு ஒரு சத்தம், சூடானதும் போயிடும். நம்ம ஏரியாவுல ஒரு வயசான மெக்கானிக் அண்ணா இருக்கார், இங்கயே பொறந்து வளந்தவரு, அவர் பாட்டி காலத்து தமிழ் கொஞ்சம் மிச்சம் இருக்கு. பானெட்டத் தொறந்து ஆயில் ஊத்துற மூடிய கழட்டி எங்கிட்ட நீட்டினார். உள்பக்கம் பூரா மஞ்சளும் வெள்ளையுமா ஏதோ அப்பிக்கிட்டு இருந்துச்சு, ஆறிப்போன மோர்க்கொழம்பு மாதிரி. ஆயில் அளவு பாக்கிற டிப்ஸ்டிக்க உருவி மூக்குகிட்ட வச்சா லேசா பெட்ரோல் வாசனை. எப்படி ஓட்டுறேன்னு கேட்டார், சொன்னேன். "தம்பி, தண்ணி சூடு. எண்ணெய் சூடு இல்ல." அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு லைன்லயே விஷயம் முடிஞ்சுது.

டாஷ்போர்டுல இருக்கிற முள்ளு காட்டுறது கூலன்ட்டோட, அதாவது எஞ்சின ஆற வைக்கிற தண்ணியோட சூட்டைதான். எஞ்சின் சூடாகுற வரைக்கும் ரேடியேட்டருக்குப் போற வழியில இருக்கிற தெர்மோஸ்டாட் வால்வ் மூடியே இருக்கும், கொஞ்சம் கூலன்ட் மட்டும் எஞ்சினுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், அதனால அது சீக்கிரம் சூடாயிடும். ஆயில் அப்படி இல்ல. அது எஞ்சினுக்குக் கீழ சம்ப்ங்கிற ஆயில் தொட்டியில கெடக்கு, அடியில குளிர் காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும், கூலன்ட் 90 டிகிரி வந்தப்ப ஆயில் 50, 60ல இருக்கிறது சர்வ சாதாரணம். இன்னொன்னு, நெறைய வண்டியில அந்த முள்ளே முழு உண்மையச் சொல்லாது. சும்மா சும்மா ஆடினா ஓட்டுறவன் பயந்துடுவான்னு 75லருந்து 105 வரைக்கும் கிட்டத்தட்ட எந்த சூடா இருந்தாலும் நடுவுலயே நிக்கிற மாதிரி செட் பண்ணி வச்சிருப்பாங்க.

சரி, ஆயில் சூடாகலன்னா என்ன குடி முழுகிடும்? 5டபிள்யூ-30ங்கிற கிரேடு ஆயில எடுத்துக்குவோம். 100 டிகிரியில இருக்கிறத விட 40 டிகிரியில அது சுமார் ஆறு மடங்கு தடிப்பா இருக்கும், ஜூலை காலையில அதெல்லாம் தாண்டி தேன் மாதிரி. ஆயில் பிரஷர் கேஜ் இருக்கிற வண்டியில குளிர்ல பிரஷர் ஏகத்துக்கும் காட்டும், அதப் பாத்துட்டு ஆயில் நல்லா போகுதுன்னு நெனைக்கிறாங்க. தடிப்பா இருக்கிறதால தள்ள முடியாம ஏறுற பிரஷர் அது, வேணுங்கிற எடத்துக்கு ஆயில் பாயுதுன்னு அதுக்கு அர்த்தம் கெடையாது. ரொம்ப தடிச்சிருந்தா பில்டரோட பைபாஸ் வால்வ் தொறந்து வடிகட்டாத ஆயிலே பேரிங்குக்குப் போகவும் வாய்ப்பு இருக்கு. பிஸ்டன் கதை வேற. அது அலுமினியம், வார்ப்பிரும்ப விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனால குளிர்ல சிலிண்டருக்குள்ள கொஞ்சம் லூசாவேதான் இருக்கும், சூடானாதான் அளவா உக்காரும். எனக்குக் கேட்ட டக் டக் அதுதான்னார் அண்ணா. பெட்ரோல் வாசனை ஏன்னா, குளிர்ந்த எஞ்சினுக்கு கம்ப்யூட்டர் பெட்ரோல கொஞ்சம் கூடவே ஊத்தும், அதுல ஒரு பங்கு எரியாம சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஆயில கழுவிக்கிட்டு கீழ சம்ப்ல போய் சேரும். வாரக்கடைசியில நான் கடை, கோயில்னு மூணு மூணு கிலோமீட்டரா ஓட்டுறது வேற. சூடே ஏறாததால அந்த பெட்ரோலும் தண்ணி ஆவியும் வெளிய போக வழியில்லாம மோர்க்கொழம்பாயிடுச்சு.

இதக் கேட்டுட்டு நான் அடுத்த தப்புக்குப் போனேன். காலையில வண்டிய ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு உள்ள போய் காபி குடிச்சுட்டு பத்து நிமிஷம் கழிச்சு வருவேன். இது இன்னும் மோசம். ஐடில்ல, அதாவது நின்ன எடத்துல சும்மா ஓடும்போது, எஞ்சினுக்கு வேலையே இல்ல, சூடு ஏறாது, டீசல் பக்கின்னா (இங்க பிக்-அப் வண்டிக்கு அதான் பேரு) சுத்தமா ஏறாது, கூடுதலா ஊத்துற பெட்ரோல் மட்டும் போய்க்கிட்டே இருக்கும், ஆயில் அப்படியேதான் கெடக்கும். அர நிமிஷம், ரொம்பக் குளிருன்னா ஒரு நிமிஷம், ஆர்பிஎம் கொஞ்சம் எறங்கினதும் கிளம்பிட வேண்டியதுதான். மெதுவா ஓட்டுறதுதான் வார்ம்-அப். கியர்பாக்ஸ் ஆயிலும் டயரும் கூட ஓடினாதான் சூடாகும், நின்ன எடத்துல அதுக்கு ஒன்னும் ஆகாது.

மெதுவான்னா அஞ்சாவது கியர்ல 1,200 ஆர்பிஎம் வச்சுக்கிட்டு ஏத்தத்துல எஞ்சின் முக்கிக்கிட்டு போறதும் இல்ல. அதுவும் பேரிங்கதான் அடிக்கும். பெட்ரோல் வண்டின்னா 2,000லருந்து 3,000க்குள்ள, ஆக்சிலரேட்டர் பாதிக்கு மேல போகாம, சின்ன கியர்ல லேசா சுத்த விடணும். டீசல்னா 2,500ஐ தாண்ட வேணாம்.

டர்பன்ல சாட்ஸ்வொர்த்ல இருக்கிற என் மச்சான் "உங்க ஊர்லதான் குளிரு, எங்களுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்"ன்னு சிரிச்சான். கோடையில வெளிய 24 டிகிரின்னே வச்சுக்குவோம், ஆயிலுக்கு 90 வேணும், இன்னும் 66 டிகிரி ஏறணும்ல. நல்லவேளையா அவன்கிட்ட இருக்கிறது போலோ ஜிடிஐ, ஸ்க்ரீன்ல ஆயில் டெம்பரேச்சர தனியா காட்டும். நான் பக்கத்து சீட்ல உக்காந்து அதயே பாத்துக்கிட்டு வந்தேன். ஹிகின்சன் ஹைவேல கூலன்ட் முள்ளு 90ல நின்னுடுச்சு, ஆயில் எடத்துல வெறும் கோடு, 50 டிகிரி வந்தாதான் அது நம்பரே காட்டும். என்-2ல ஏறினப்ப 58. ஸ்பகெட்டி ஜங்ஷன் வந்தப்பதான் 80 தொட்டுச்சு. மச்சான் வாயத் தொறக்கல.

நம்மள மாதிரி அந்த நம்பர் இல்லாத வண்டின்னா என் கணக்கு இதுதான்: முள்ளு நடுவுக்கு வர எவ்வளவு நேரம் ஆச்சோ, அதே அளவு நேரம் இன்னொரு தடவ சாதாரணமா ஓட்டணும். குளிர்காலம்னா இன்னும் அஞ்சு நிமிஷம் சேத்துக்கோங்க. நேரத்த மட்டும் நம்பாதீங்க, பத்து நிமிஷம் ட்ராஃபிக்ல நின்னதும் பத்து நிமிஷம் ஹைவேல ஓடினதும் ஒன்னு கெடையாது. ஆயில் 80 தாண்டினா ஓரளவு மிதிக்கலாம், 90 வந்தா கவலையே இல்ல. பிஎம்டபிள்யூ இந்த விஷயத்த ரொம்ப முன்னாடியே ஆர்பிஎம் மீட்டர்லயே வச்சுட்டான், ஈ46 எம்3ல ஆயில் குளிரா இருந்தா ரெட்லைன் (அதுக்கு மேல ஆர்பிஎம் ஏத்தக் கூடாதுங்கிற எல்லை) கீழயே இருக்கும், சூடாக சூடாக லைட்டு ஒன்னொன்னா அணைஞ்சு எல்லை மேல ஏறும். கூஷேஷேன்னு இங்க எல்லாரும் கொண்டாடுற பழைய பிஎம்டபிள்யூ 325ஐஎஸ்ல அதெல்லாம் கெடையாது, கூலன்ட் முள்ளு மட்டும்தான். ஸ்பின் அடிக்க (வண்டிய வட்டம் வட்டமா சுத்தவிட்டு காட்டுற வித்தை) எறக்கிறதுக்கு முன்னாடி அத நல்லா ஓட்டி சூடாக்கிட்டு வர்றவங்களும் உண்டு, ட்ரெய்லர்ல இருந்து எறக்கின கையோட ரெட்லைன்ல வைக்கிறவங்களும் உண்டு.

தடிச்ச ஆயில் ஊத்தினா பாதுகாப்புன்னு பழைய வண்டிக்கு 20டபிள்யூ-50 ஊத்துற பழக்கம் பத்தி கேட்டா, மேனுவல்ல போட்டிருந்தா சரி, இல்லன்னா குளிர்ல பிரச்சனைய நீங்களே காசு குடுத்து வாங்குறீங்க.

இப்ப நான் டவுன் ஹில்ல லாரிக்குப் பின்னாடியே போறேன், ஹில்டன் மூடுபனிக்குள்ள நொழையிற வரைக்கும். மூணு நிமிஷமோ நாலு நிமிஷமோ லேட்டாகும். அண்ணா ஆயில மாத்தி ஓட்டச் சொன்னார், மூடி சுத்தமாயிடுச்சு, டக் டக் மட்டும் முழுசா போகல, ஜூன் வந்தா காலையில கொஞ்ச நேரம் கேக்குது.