கீரைக்கு எண்ணெய் விடாம விட்டா விட்டமின் கே எலும்புக்கு எப்படி போகும்

அம்மாவுக்கு எலும்பு தேய்மானம்னு சொன்னதுல இருந்து வீட்ல கால்சியம் மாத்திரை, வெயில்ல உக்கார்றது, பால், எல்லாம் நடக்குது, ஆனா விட்டமின் கே பத்தி யாரும் வாயே திறக்கல. எலும்பு கட்டுற செல்லுங்க ஆஸ்டியோகால்சின்னு ஒரு புரதம் செய்யும், விட்டமின் கே வந்து அதைக் கொஞ்சம் மாத்தி விட்டாத்தான் அது கால்சியத்தைப் பிடிக்கும், இல்லன்னா சும்மா சுத்திட்டு இருக்கும். ரத்தக்குழாய்ல கால்சியம் படியாம பாத்துக்குற இன்னொரு புரதத்துக்கும் இதே கதைதான்.

அமெரிக்கக் கணக்குல பொம்பளைங்களுக்கு ஒரு நாளைக்கு 90 மைக்ரோகிராம், ஆம்பளைங்களுக்கு 120. வேகவெச்ச பாலக் அரை கப்லயே 400க்கு மேல இருக்கு, முளைக்கீரையும் சளைச்சதில்ல. அப்ப எங்க சிக்கல்னா எண்ணெய்ல. கொலஸ்ட்ராலுக்கு பயந்து அம்மா ஆறு மாசமா கீரைய வெறும் உப்புத்தண்ணில வேகவெச்சு சாப்ட்டுட்டு இருந்தாங்க, இந்த விட்டமினோ கொழுப்புல கரையுறது, இலைக்குள்ள கெட்டியா ஒட்டிட்டு இருக்கும், கூட எண்ணெய் இல்லன்னா குடல் ரொம்ப கொஞ்சம்தான் எடுத்துக்கும்.

இப்ப நான் செய்யறது: ஒரு கட்டு முளைக்கீரைய ஆஞ்சு, மண்ணு போக மூணு தண்ணி அலசி, சின்ன வெங்காயம், ரெண்டு பல் பூண்டு போட்டு மூடாம வேகவெச்சு மத்தால கடைஞ்சு, ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய்ல கடுகு, வரமிளகா தாளிச்சுக் கொட்டிடுவேன். சூட்டுல இந்த விட்டமின் பெருசா போகாது, அதனால பச்சையா அரைச்சு ஜூஸ் குடிக்கணும்னு அவசியமில்ல (அந்த ஜூஸ நான் ஒரு தடவ குடிச்சேன், போதும்). கீரை பிடிக்காத குழந்தைங்களுக்கு கொத்தமல்லி சட்னில தேங்கா சேத்து அரைச்சுக் குடுங்க, தேங்கால இருக்குற கொழுப்பே வேலைய முடிச்சிரும். முட்டை மஞ்சக்கரு, கோழி ஈரல்ல கே2ன்னு இன்னொரு வகை கிடைக்கும்.

கே2 மாத்திரை வாங்கலாமான்னு கேட்டா, எலும்புக்கு அது எவ்ளோ உதவுதுன்னு ஆராய்ச்சிங்க ஒண்ணு ஒரு மாதிரி சொல்லுது, இன்னொண்ணு வேற மாதிரி சொல்லுது, அதனால நான் வாங்கல, அந்தக் காசுக்கு கீரைதான்.

ஆனா வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்குறவங்க இதப் படிச்சிட்டு நாளைக்கே ரெண்டு கட்டு கீரை வாங்கிடாதீங்க. அந்த மாத்திரையே விட்டமின் கே வேலைய தடுக்குறதுதான், திடீர்னு கீரைய ஏத்துனா மாத்திரை எடுபடாது, திடீர்னு நிறுத்துனா ரத்தக்கசிவு வரலாம். வாரத்துக்கு எத்தன நாள் சாப்பிடுறீங்களோ அதே அளவு, மாத்தணும்னா மொதல்ல டாக்டர்கிட்ட சொல்லி ஐஎன்ஆர் டெஸ்ட் (ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்குற ரத்தப் பரிசோதனை) பாத்துட்டு மாத்துங்க.