இழைப்புளிக்கு அசையாத தச்சு மேசை

கைக்கருவிகளால் மரவேலை செய்பவரின் மேசைக்குச் சுமை தாங்குவது பெரிய வேலையன்று; மரத்தைச் சீவி மட்டமாக்கும் இழைப்புளி ஓடும்போதெல்லாம் நீளவாக்கில் விழும் தள்ளலுக்கு அசையாமல் நிற்பதே அதன் வேலை. ஆகவே மேசை கனமாக இருக்க வேண்டும். கால்களின் பொருத்தில் ஆட்டம் இருக்கவே கூடாது.

மேல்பலகை 6 அடி நீளமும் 2 அடி அகலமும் 3 அங்குலத் தடிப்பும் இருந்தால் போதும். இதற்காகப் புதுத் தேக்கு வாங்குவது வீண்செலவு என்பது என் கருத்து. பழைய வீடுகளை இடிக்கும் இடத்தில் கிடைக்கும் உத்திரங்கள் நன்றாகக் காய்ந்திருக்கும். உள்ளே ஆணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ரம்பம் வைக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் அளவே மேசையின் உயரம்.

கால்கள் 4 அங்குலச் சதுரமாகவும், முன்கால்களின் முகம் மேல்பலகையின் விளிம்போடு ஒரே மட்டமாகவும் இருக்கட்டும். நீண்ட பலகையின் ஓரத்தை இழைக்கும்போது அதைக் காலோடு சேர்த்துப் பிடிக்க இது உதவும். கால்களை இணைக்கும் சட்டங்களைக் கழுந்து (காலின் குழிக்குள் செருகும்படி சட்டத்தின் முனையில் சீவிய நாக்கு) வைத்துப் பொருத்தி, மரமுளை அடித்து இறுக்க வேண்டும். முதலில் காலில் மட்டும் முளைத்துளை இட்டு, கழுந்தைச் செருகி, துளையின் மையத்தைக் கழுந்தின் மீது குறித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும். பிறகு அந்தக் குறியிலிருந்து சுமார் 1.5 மில்லிமீட்டர் சட்டத்தின் பக்கமாகத் தள்ளிக் கழுந்தில் துளையிட்டால், நுனி சீவிய முளையை அடிக்கும்போது அது சட்டத்தைக் காலோடு இழுத்து நெருக்கிவிடும். மரம் மிகக் கடினமானால் 1 மில்லிமீட்டரே போதும். அதிகம் தள்ளினால் முளை முறியும்.

மரம் ஈரத்துக்கு ஏற்ப அகலவாட்டில் விரிந்து சுருங்கும் என்பதால், மேல்பலகையை முன்கால்களில் மட்டும் இறுக்கி, பின்கால்களின் மேல்முனைக் கழுந்துக்கு முன்பின்னாகச் சற்று இடம் விட வேண்டும். வலக்கைக்காரர் இடப்பக்க முன்காலை ஒட்டி, கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) தட்டி ஏற்றி இறக்கக்கூடிய 2 அங்குலச் சதுரத் தடுப்புக்கட்டை ஒன்றைப் பொருத்தினால், அதில் முட்டவைத்தே பெரும்பாலான பலகைகளை இழைத்துவிடலாம். பலகையை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாம் பூட்டிய பிறகே மேற்பரப்பை மட்டப்படுத்த வேண்டும். இரு முனைகளிலும் ஒவ்வொரு நேரான சட்டத்தை நிறுத்தி, ஒன்றின் மேல்விளிம்பு வழியாக மற்றொன்றைக் கண்ணால் பார்த்தால் முறுக்கு தெரிந்துவிடும்; மேடான இடங்களைக் குறுக்காக இழைத்து, கடைசியில் நீளவாக்கில் இழைக்கலாம். வார்னிஷ் பூசினால் பலகை வழுக்கும்; ஆளிவிதை எண்ணெய் போதும். முதல் மழைக்காலம் கழிந்ததும் மட்டத்தை மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.